பூச்சில் போன 12 லட்சம்: சீனாவிலிருந்து சரக்கு எடுக்க நினைப்பவர்களுக்கு

2019 மே மாதம் ஒரு மதிய வேளையில், எனக்குப் பல ஆண்டுகளாக ஆர்டர் கொடுத்து வந்த திருப்பூர் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர், ஆய்வக அறிக்கை ஒன்றைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். சீனாவிலிருந்து நான் முதன்முதலாக நேரடியாக இறக்கிக் கொடுத்த டிச் பட்டன்களுக்கான, அதாவது அழுத்தி மாட்டும் உலோகப் பட்டன்களுக்கான, சோதனை அறிக்கை அது. நிக்கல் வெளியேற்றம் என்ற வரிக்கு நேரே 'ஃபெயில்' என்று போட்டிருந்தது. கடையில் நின்றுகொண்டிருந்தவருக்குச் சில்லறை கொடுத்து அனுப்பிவிட்டு, ஷட்டரைப் பாதி இறக்கி, அரை மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அந்தச் சரக்கில் நான் இழந்தது, பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டபோது, ஏறக்குறைய 12 லட்சம் ரூபாய். என் போன்ற சிறு வியாபாரிக்கு அது மூன்று வருட லாபம். அந்தப் பணத்தைவிட, ஊரில் யாரிடமும் சொல்ல முடியாமல் மாதக்கணக்கில் அதைத் தனியாகச் சுமந்ததுதான் எனக்குக் கடினமாக இருந்தது. ஊரில் சீனத்துச் சரக்கைப் பற்றி நன்கு அறிந்தவர்கள் எல்லாரும் எனக்குப் போட்டியாளர்கள். அவர்களிடம் போய் ஏமாந்த கதையைச் சொல்ல மனம் வரவில்லை. இன்று அந்தச் சரக்கு வந்த அதே சீன மாகாணத்திலிருந்து ஆண்டுக்கு ஐந்தாறு முறை சரக்கு எடுக்கிறேன், நிம்மதியாக எடுக்கிறேன். அந்த இடத்துக்கு வருவதற்கு முன் யாராவது எனக்குச் சொல்லியிருக்க வேண்டியவற்றை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

நான் ஆயத்த ஆடைகளுக்கான ஆக்சஸரீஸ் விற்பவன். பட்டன், ஜிப், எலாஸ்டிக், டிச் பட்டன் இவைதான் சரக்கு. 2018 வரை டெல்லி, மும்பை இறக்குமதியாளர்களிடம் வாங்கித் திருப்பூரில் விற்று வந்தேன். குழந்தைகள் உடைக்கான டிச் பட்டன் ஒரு கிராஸ், அதாவது 144 செட், அவர்களிடம் வாங்கும் விலைக்கும் சீன இணையதளங்களில் போட்டிருக்கும் விலைக்கும் இருந்த வித்தியாசம் என்னைத் தூங்கவிடவில்லை. இறக்குமதி, ஏற்றுமதி செய்யத் தேவையான ஐ.இ.சி. எண் வாங்கினேன், விசா எடுத்தேன், 2018 நவம்பர் தொடக்கத்தில் குவாங்சோவில் நடந்த கேன்டன் கண்காட்சிக்குப் போனேன். 1957 முதல் ஆண்டுக்கு இருமுறை, வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் நடக்கும் கண்காட்சி அது; ஒவ்வொரு முறையும் மூன்று கட்டங்களாகப் பிரித்து நடத்துகிறார்கள், துணியும் ஆடையும் மூன்றாம் கட்டத்தில்தான் வரும். இந்த விவரம் தெரியாமல் முதல் கட்டத்துக்கே டிக்கெட் போட்டு, இயந்திரங்களையும் மின் சாதனங்களையும் பார்த்துவிட்டுத் திரும்பியவர்களை எனக்குத் தெரியும்.

அங்கே செச்சியாங் மாகாணத்தைச் சேர்ந்த ஒரு நிறுவனத்தின் அரங்கில் நல்ல ஆங்கிலம் பேசும் ஓர் இளம்பெண் எனக்குத் தேநீர் கொடுத்து, அட்டை நிறையப் பட்டன்களைக் காட்டினார். சொந்தத் தொழிற்சாலையா என்று கேட்டேன், ஆமாம் என்றார். நிக்கல் இல்லாத பட்டன் தருவீர்களா என்று கேட்டேன், தருவோம் என்றார். ஜனவரி 15-க்குள் கப்பலில் ஏற்றிவிட முடியுமா என்று கேட்டேன். அதற்கும் முடியும் என்றார். கிராஸுக்கு 4 டாலர் என்று தொடங்கிய விலையை நான் விடாமல் பேசி 3.60-க்குக் கொண்டுவந்தேன். அன்று இரவு விடுதியில் அந்த 40 சென்டை நினைத்து எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்பதை இப்போது நினைத்தாலும் நெஞ்சு கனக்கிறது. ஊர் திரும்பியதும் மாதிரிகள் கூரியரில் வந்தன. இங்குள்ள ஆய்வகத்தில் கொடுத்தேன், தேறின. 5,000 கிராஸ், 18,000 டாலர் என்று ஒரு பக்க ப்ரோஃபார்மா இன்வாய்ஸ், அதாவது முன்கூட்டிய விலைச் சீட்டு, அனுப்பினார்கள். அதுவே ஒப்பந்தம் என்று நினைத்து 30 சதவீதமான 5,400 டாலரை டிசம்பரில் அனுப்பினேன். இன்வாய்ஸில் பொருளின் விவரமாக இருந்தது ஒரே ஒரு வரி: நிக்கல் இல்லாத டிச் பட்டன், 9.5 மில்லிமீட்டர், வெள்ளி நிறம்.

என் முதல் பெரிய தவறு அந்த ஒரு வரிதான். ரீச் என்னும் ஐரோப்பிய வேதிப்பொருள் விதிமுறை, தோலில் நீண்ட நேரம் படும் உலோகப் பொருள்களிலிருந்து ஒரு சதுர சென்டிமீட்டருக்கு வாரத்துக்கு 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கல் வெளியேறக் கூடாது என்கிறது. உடையில் வரும் ரிவெட், பட்டன், ஜிப் எல்லாம் இதில் அடங்கும். சோதனை முறை இ.என். 1811. என் வாடிக்கையாளருக்குத் தேவைப்பட்டது இந்த எண்ணும் இந்தச் சோதனையும். நான் எழுதிக் கேட்டதோ 'நிக்கல் இல்லாத' என்ற விற்பனைச் சொல். மேல்பூச்சு வேறாக இருந்து அடிப்பூச்சில் நிக்கல் இருந்தாலும் சிலர் இந்தப் பெயரில்தான் விற்கிறார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது. பித்தளையா இரும்பா, பூச்சு எந்த உலோகம், அதன் தடிமன் எத்தனை மைக்ரான், எந்தச் சோதனையில் எந்த எண்ணுக்குள் வர வேண்டும், தேறாவிட்டால் யார் செலவு, இவை ஒன்றுகூட அந்தத் தாளில் இல்லை. சீனாவில் வாங்கும்போது எழுதிக் கொடுக்காத எதையும் கேட்டதாக நினைக்கக் கூடாது. அவர்கள் நேர்மையற்றவர்கள் என்பதால் இதைச் சொல்லவில்லை. ஒரே பட்டனைப் பத்து விலையில் பத்துத் தரத்தில் செய்யத் தெரிந்த ஊர் அது. எந்தத் தரம் என்பதை வாங்குபவர் சொல்லாவிட்டால், விலையை வைத்து அவர்களே முடிவு செய்துகொள்வார்கள்.

ஜனவரி 15 வந்தது, சரக்கு கிளம்பவில்லை. 'இந்த வாரம்', 'நாளை மறுநாள்' என்றே வீசாட் என்னும் சீன அரட்டைச் செயலியில் பதில் வந்தது. 2019-இல் சீனப் புத்தாண்டு பிப்ரவரி 5. அதற்கு மூன்று வாரங்களுக்கு முன்பே தொழிலாளர்கள் சிச்சுவான், குய்சோ, ஆன்ஹுய் என்று சொந்த மாகாணங்களுக்கு ரயில் ஏறத் தொடங்கிவிடுவார்கள் என்பதையும், நாள்காட்டியில் ஒரு வாரம் என்று இருந்தாலும் தொழிற்சாலை உண்மையில் முழுமூச்சாக இயங்கத் தொடங்க புத்தாண்டின் பதினைந்தாம் நாள் வரும் விளக்குத் திருவிழா கடந்துவிடும் என்பதையும், பழைய ஆட்கள் சிலர் திரும்பாமல் போவதால் புதிய கைகள்தான் முதல் வாரங்களில் வேலை செய்யும் என்பதையும் நான் அனுபவித்துத்தான் கற்றேன். நம் ஊரில் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வெளியூர் ஆட்கள் போய்விட்டால் திருப்பூர் எப்படி ஆகிறதோ, அதைப் பல மடங்காக்கிப் பாருங்கள். புத்தாண்டுக்கு முந்திய அவசரத்தில் அடித்துத் தள்ளிய சரக்கு, புத்தாண்டுக்குப் பிந்திய முதல் சரக்கு, இரண்டையும் நான் இப்போது தவிர்க்கிறேன். அக்டோபர் முதல் வாரத்திலும் தேசிய விடுமுறை உண்டு. ஆகவே குளிர்கால ஆர்டர் எதுவானாலும் ஆகஸ்ட், செப்டம்பரிலேயே மாதிரியை முடித்து, நவம்பர் இறுதிக்குள் கப்பலில் ஏறும்படி தேதி குறிக்கிறேன்.

மார்ச் நடுவில் ஒருவழியாக நிங்போ துறைமுகத்தில் ஏற்றிவிட்டதாக பில் ஆஃப் லேடிங்கின் நகல் வந்தது. மீதி 12,600 டாலரைக் கேட்டார்கள். நகலைப் பார்த்த நிம்மதியில் மறுநாளே வங்கிக்குப் போய் அனுப்பிவிட்டேன். சரக்கு கப்பலில் ஏறியது என்பதற்குத்தான் அந்தத் தாள் சாட்சி. பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதற்கு அது சாட்சியே இல்லை. வங்கி வழியாகப் பணத்துக்கு உறுதி தரும் கடன் கடிதம் (எல்.சி.) திறந்திருந்தாலும் வங்கி பார்ப்பது ஆவணங்களைத்தான், பொருளை அல்ல. ஏற்றுவதற்கு முன் மூன்றாம் தரப்பு ஆய்வாளர் ஒருவரை ஒரு நாள் அனுப்ப அன்று 200 முதல் 300 டாலர் ஆகியிருக்கும். 18,000 டாலர் சரக்குக்கு அந்தச் செலவு வீண் என்று அன்று நினைத்தேன். எந்த நொடியில் மீதிப் பணம் என் கையை விட்டுப் போனதோ, அந்த நொடியில் என்னிடமிருந்த ஒரே பிடியும் போய்விட்டது.

அடுத்த அடி தூத்துக்குடியில் விழுந்தது. சி.ஐ.எஃப். விலை, அதாவது கப்பல் வாடகையும் காப்பீடும் அவர்கள் பொறுப்பு என்று கேட்டவுடன் சுலபமாக இருக்கிறதே என்று ஒப்புக்கொண்டிருந்தேன். என் சரக்கு ஒரு முழுக் கண்டெய்னர் அளவு இல்லை. பலருடைய பெட்டிகளோடு சேர்த்து எல்.சி.எல். முறையில் வந்தது. அவர்கள் அமர்த்திய ஃபார்வர்டர், அதாவது சரக்கு அனுப்பும் முகவர், சீனப் பக்கத்தில் வாடகையை ஒன்றுமில்லாத அளவுக்குக் குறைத்துக் காட்டி, அதை இந்தப் பக்கத்தில் இறங்குமிடக் கட்டணம், கையாளும் கட்டணம், ஆவணக் கட்டணம் என்று பல பெயர்களில் என்னிடம் வசூலித்துக்கொண்டார். சரக்கை விடுவிக்கும் உத்தரவு வாங்க அவர்கள் கேட்டதைக் கொடுத்தே ஆக வேண்டும். நான் பில்லைப் பற்றி வாக்குவாதம் செய்துகொண்டிருந்த நாள்களுக்குச் சரக்கு நிலையத்தின் தரை வாடகை தனியாக ஏறியது. அன்று முதல் எஃப்.ஓ.பி. விலையில்தான், அதாவது கப்பலில் ஏற்றுவது வரை மட்டும் அவர்கள் பொறுப்பு என்ற விலையில்தான் வாங்குகிறேன், கப்பல் ஏற்பாட்டை இங்கேயே நானறிந்த ஃபார்வர்டரிடம், இரு பக்கக் கட்டணமும் எழுத்தில் வாங்கிய பிறகு கொடுக்கிறேன். வரிக் கணக்கையும் ஆர்டருக்கு முன்பே போட்டுவிட வேண்டும். அடிப்படைச் சுங்கவரி, அதன்மேல் பத்து சதவீதம் சமூகநலக் கூடுதல் வரி, இவையெல்லாம் சேர்ந்த தொகைமேல் ஐ.ஜி.எஸ்.டி. என்று அடுக்கடுக்காக வரும். கடைசியில் உள்ளதை உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம், ஆனால் அன்றைக்குக் கையில் பணம் இருக்க வேண்டும்.

சரக்கு கடைக்கு வந்து, வாடிக்கையாளருக்குப் போய், அவர்கள் மொத்தச் சரக்கிலிருந்து எடுத்துச் சோதித்தபோதுதான் முதலில் சொன்ன அறிக்கை வந்தது. மாதிரியாக வந்த பட்டனும் மொத்தமாக வந்த பட்டனும் ஒன்றல்ல. ஐரோப்பிய வாங்குநரின் கைக்குழந்தை உடைக்கான ஆர்டர் அது. ஏற்றுமதித் தேதி நெருங்கிவிட்டதால் அவர்கள் வேறிடத்தில் கூடுதல் விலைக்குப் பட்டன் வாங்கி, வித்தியாசத்தையும் தாமதச் செலவையும் சேர்த்து எனக்கு 2 லட்சத்துக்கு மேல் டெபிட் நோட், அதாவது என் கணக்கில் கழித்துக்கொள்ளும் சீட்டு, போட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். குழந்தையின் தோலில் படும் பொருள் அது. மீந்த சரக்கைத் தோலில் படாத பைகளுக்கும் மழைக்கோட்டுகளுக்கும் என்று கேட்டு வந்தவர்களுக்குப் பல மாதங்களாகக் கொஞ்சம் கொஞ்சமாக, எனக்கு அடக்கமான விலையில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொடுத்துத் தீர்த்தேன்.

ஆத்திரத்தில் நான் செய்தது நிலைமையை மேலும் கெடுத்தது. அந்தப் பெண்ணும் அவருடைய மேலாளரும் முதலாளியும் இருந்த வீசாட் குழுவில், நீங்கள் மோசடிக்காரர்கள் என்று பெரிய எழுத்தில் எழுதினேன், அறிக்கையைப் போட்டேன், கண்காட்சி நிர்வாகத்திடம் புகார் செய்வேன் என்றேன். அதுவரை ஒவ்வொரு செய்திக்கும் பதில் சொன்னவர்கள் அன்றோடு மௌனமானார்கள். நான் விசாரித்துப் பிடித்த ஒருவர், ஈரோட்டுக்காரர், ஷாவோசிங் நகரத்தின் கெச்சியாவ் துணிச் சந்தையில் நெடுங்காலமாக இருப்பவர், தொலைபேசியில் என் கதை முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "தம்பி, ஆளுங்க முன்னால அந்த முதலாளி மூஞ்சியில அடிச்சிட்டீங்க. இனி அவர் உங்களுக்குப் பணம் குடுத்தா, தன்னோட ஆளுங்ககிட்ட தப்ப ஒத்துக்கிட்ட மாதிரி ஆகிடுங்க." மியான்சி என்று அங்கே சொல்லும் முகமரியாதை நமக்குப் புரியாத விஷயமில்லை. நம் ஊரில் பத்துப் பேர் முன்னால் ஒருவரைக் கடன்காரர் என்று கத்திவிட்டு மறுநாள் கடனை வாங்க முடியுமா? முதலாளிக்குத் தனியாக, படங்களோடும் அளவுகளோடும், 'நாம் இருவரும் சேர்ந்து இதை எப்படிச் சரிசெய்வது' என்று எழுதியிருந்தால், அடுத்த ஆர்டரில் கழித்துக்கொள்ளும் வகையிலாவது ஏதாவது கிடைத்திருக்கும் என்றார். பின்னாளில் வேறு இடங்களில் அப்படி எழுதி எனக்குக் கிடைத்தும் இருக்கிறது.

வழக்குப் போடலாமா என்று அவரிடம் கேட்டேன். ஒப்பந்தத்தில் நிறுவனத்தின் சீனப் பெயரும் முத்திரையும் இருக்கிறதா என்று திருப்பிக் கேட்டார். இரண்டும் இல்லை. அட்டையில் இருந்த ஆங்கிலப் பெயருக்குச் சீனச் சட்டத்தில் மதிப்பில்லை, பதிவாகியிருப்பது சீன எழுத்துகளில் உள்ள பெயர் மட்டும்தான் என்பதும், அங்கே கையெழுத்தைவிட நிறுவன முத்திரைதான் ஒப்பந்தத்தைக் கட்டுப்படுத்தும் என்பதும் எனக்கு அன்றுதான் தெரிந்தது. வட்டமான சிவப்பு முத்திரை, நடுவில் ஐந்து முனை நட்சத்திரம், சுற்றிலும் சீனப் பெயர். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் 18 இலக்கப் பதிவெண் ஒன்று உண்டு. அதை வாங்கி அந்நாட்டு அரசின் நிறுவனத் தகவல் தளத்தில் தேடினால் எப்போது பதிவானது, சட்டப்படி பொறுப்பாளர் யார், உற்பத்தி செய்ய அனுமதி பெற்றதா அல்லது விற்க மட்டுமா என்பதெல்லாம் வந்துவிடும். அவரே தேடிப் பார்த்தார். எனக்குத் தொழிற்சாலை என்று சொன்ன அந்த இடம் வெறும் வணிக நிறுவனம். நான் பணம் அனுப்பியதோ ஹாங்காங்கில் வேறு பெயரில் இருந்த கணக்குக்கு. ஹாங்காங் கணக்கு வைத்திருப்பவர்கள் எல்லாரும் ஏமாற்றுக்காரர்கள் அல்ல, நல்ல நிறுவனங்களும் வைத்திருக்கின்றன. ஆனால் தகராறு என்று வந்தால் ஒப்பந்தம் ஒருவரோடும் பணம் இன்னொருவரிடமும் இருக்கும். நம் நீதிமன்றத் தீர்ப்பை அங்கே கொண்டுபோய் நிறைவேற்றுவது நடக்கிற காரியமல்ல. இரு நாடுகளும் நியூயார்க் உடன்படிக்கையில் இருப்பதால் நடுவர் மன்றத் தீர்ப்புக்கு வழி உண்டு, ஆனால் வழக்கறிஞர் செலவே என் நஷ்டத்தை மிஞ்சிவிடும். "அவன் உங்கள ஏமாத்தலீங்க தம்பி, நீங்க கேக்கல, அவன் சொல்லல" என்று அந்த அண்ணன் முடித்தார். அந்தச் சொல்லை ஏற்றுக்கொள்ள எனக்குச் சில மாதங்கள் ஆயின.

அவர் அழைத்ததால்தான் 2019 செப்டம்பரில் மறுபடி போனேன். வீட்டில் பெரிய சண்டை. மனைவியின் நகை ஒன்றை வைத்துத்தான் டிக்கெட்டும் முன்பணமும் புரட்டினேன். இம்முறை கண்காட்சிக்குப் போகவில்லை, வென்சோவுக்குப் பக்கத்தில் பட்டனுக்கென்றே பெயர்பெற்ற சியாவ்தோ என்னும் சிற்றூருக்குப் போனோம். சீனாவில் இப்படி ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் ஊர் உண்டு: விளக்குகளுக்கு சோங்ஷானின் குசென், காலுறைக்கு தாதாங், இரும்புச் சாமான்களுக்கு யோங்காங், சில்லறைப் பொருள் அத்தனைக்கும் யிவு. பொருளின் ஊரைக் கண்டுபிடித்துப் போனால், இரண்டு தெருக்களுக்குள் இருபது பேரிடம் விலை கேட்கலாம், யார் உண்மையில் செய்கிறார்கள் என்பதை இயந்திரத்தின் சத்தத்தை வைத்தே அறியலாம்.

அங்கே ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மையார் நடத்தும் பட்டறை. சட்டைப் பையில் தேறாத பட்டன்களைப் பொட்டலமாக எடுத்துப் போயிருந்தேன். ஒன்றை வாங்கி, குறடால் இரண்டாக வெட்டி, வெட்டுவாயைப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். இன்னொன்றை மேசைமேல் இருந்த எக்ஸ்-ரே பூச்சளவிக்குள் வைத்து மூடினார். ஒரு நிமிடத்துக்குள் திரையில் கோடுகள் எழுந்தன. தாமிரம், துத்தநாகம், அதற்குப் பக்கத்தில் உயரமாக நிக்கல். திரையை என் பக்கம் திருப்பிக் காட்டிவிட்டு ஒன்றும் பேசாமல் தேநீர் ஊற்றினார். நான் நான்கு மாதமாகத் தேடிய விடை அந்தச் சிறு பெட்டிக்குள் இருந்தது. மாதிரியைச் செப்பும் வெள்ளீயமும் கலந்த பூச்சில் செய்து, மொத்தச் சரக்கை அவசரத்தில் மலிவான வேறொரு முலாம் பட்டறையில் கொடுத்திருக்கிறார்கள் என்று அண்ணன் மொழிபெயர்த்தார். விலை கேட்டேன், கணிப்பானில் 4.15 என்று தட்டினார். பழக்க தோஷத்தில் 3.60 என்று தட்டிக் காட்டினேன். அவர் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. குறடால் வெட்டிய என் பட்டனைக் கணிப்பானின்மேல், அந்த 3.60-க்குப் பக்கத்தில் வைத்தார்.

அன்று நான் விலை பேசுவதை நிறுத்தினேன் என்று சொல்ல மாட்டேன். அளவைக் கூட்டினால் எவ்வளவு, பணத்தைச் சீக்கிரம் கொடுத்தால் எவ்வளவு, பெட்டியை எளிமையாக்கினால் எவ்வளவு என்று இப்போதும் பேசுகிறேன். தரம் மாறாமல் விலை குறையும் வழிகள் அவை. காரணமில்லாமல் அமுக்கிய விலை பூச்சிலிருந்தோ, கம்பியின் தடிமனிலிருந்தோ, எங்கிருந்தாவது கழிந்தே தீரும். அந்த அம்மையாரோடு போட்ட ஒப்பந்தம் இரண்டு மொழிகளில் நான்கு பக்கம். சீனப் பெயர், 18 இலக்க எண், சிவப்பு முத்திரை. உலோகம், பூச்சின் வகை, தடிமன், இழுவிசைச் சோதனை, இ.என். 1811 அளவு, மொத்தச் சரக்கிலிருந்து ஆய்வாளர் தம் கையால் எடுத்த மாதிரி ஆய்வகத்தில் தேறிய பிறகுதான் 70 சதவீதப் பணம். தேறாவிட்டால் மறுமுலாம் அவர் செலவு. ஒப்புக்கொண்ட பட்டனை மூன்று உறைகளில் போட்டு, உறையின் வாயில் பாதி முத்திரையும் என் கையெழுத்தும் விழும்படி ஒட்டினோம்; ஒன்று அவரிடம், ஒன்று என்னிடம், ஒன்று ஆய்வாளருக்கு. முதல் ஆர்டர் 800 கிராஸ் மட்டும்.

பேசும் விதத்திலும் பாடம் கற்றேன். 'மேய் வென்தீ' என்றால் பிரச்சினை இல்லை என்று பொருள். உங்கள் முகத்துக்கு நேராக முடியாது என்று சொல்ல விரும்பாதவர்களும் அதைத்தான் சொல்வார்கள். 'ச்சா பு துவோ' என்றால் ஏறத்தாழ அதேதான் என்று பொருள். இது காதில் விழுந்தால் உடனே வெர்னியர் அளவுகோலை எடுத்து அளந்துவிட வேண்டும். முடியுமா என்று கேட்டால் முடியும் என்றே பதில் வரும். ஆகவே 'எந்தத் தேதியில் அச்சு தயாராகும், அதற்கு முன் எந்த வேலை முடிய வேண்டும், அதன் படத்தை என்று அனுப்புவீர்கள்' என்று கேட்கிறேன். வாரம் ஒருமுறை, நம் நேரத்துக்கு இரண்டரை மணி முந்திய அவர்களுடைய நேரத்தைக் கணக்கில் கொண்டு, மதிய உணவு இடைவேளையைத் தவிர்த்துக் காணொளியில் அழைக்கிறேன்.

வேறு சில குழிகளையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இன்வாய்ஸில் மதிப்பை எவ்வளவு குறைத்துப் போட வேண்டும் என்று சில விற்பனையாளர்கள் உதவி செய்வதுபோலக் கேட்பார்கள், ஒப்புக்கொள்ளாதீர்கள். சுங்கத்துறை அதே பொருளின் மற்ற இறக்குமதி விலைகளோடு ஒப்பிட்டுப் பார்க்கும். பிடிபட்டால் பறிமுதல், அபராதம் எல்லாம் உங்கள் தலையில். அதுமட்டுமல்ல, சரக்கு கெட்டுப்போனால் குறைத்துப் போட்ட அந்தத் தொகைக்கு மேல் நீங்கள் கேட்கவும் முடியாது. இன்னொன்று, முன்பணமாக அனுப்பிய டாலருக்குச் சரக்கு வந்ததை வங்கியில் காட்டிக் கணக்கை முடிக்க வேண்டும். ரிசர்வ் வங்கியின் ஐ.டி.பி.எம்.எஸ். என்னும் இறக்குமதிக் கண்காணிப்பு முறையில் அது பதிவாகி நிற்கும். ஜிப் மாதிரிக்கு 600 டாலர் வாங்கிக்கொண்டு ஒருவர் காணாமல் போனதால், வராத சரக்குக்குச் சான்று கேட்டு என் வங்கி அடுத்த பரிமாற்றத்தை மூன்று வாரம் நிறுத்தி வைத்தது. தொகை சிறியது, அந்த மூன்று வாரம் பெரியது. 2021-இல் அந்த அம்மையாரின் மின்னஞ்சல் முகவரியிலிருந்தே, எங்கள் வங்கிக் கணக்கு தணிக்கையில் இருக்கிறது, 14,000 டாலரை இந்தப் புதிய கணக்குக்கு அனுப்புங்கள் என்று கடிதம் வந்தது. இன்வாய்ஸும் முத்திரையும் அச்சு அசலாக இருந்தன. எதற்கும் காணொளியில் அழைத்தேன். அவர் முகம் வெளிறிவிட்டது, யாரோ அவருடைய அஞ்சல் பெட்டிக்குள் புகுந்திருந்தார்கள். கணக்கு எண் மாறியதாக எந்தச் செய்தி வந்தாலும், முகத்தைப் பார்த்துக் கேட்காமல் ஒரு டாலர்கூட அனுப்பக் கூடாது என்பதை ஒப்பந்தத்திலேயே இப்போது எழுதி வைத்திருக்கிறோம்.

2020 தொடக்கத்தில் அவர்கள் ஊர் முடங்கியது, மார்ச் கடைசியில் நம் ஊர் முடங்கியது. என் சரக்கு தயாராக இருந்தும் எடுக்க வழியில்லை, கொடுக்கப் பணமும் இல்லை. அவரிடம் மறைக்காமல் உள்ளதைச் சொன்னேன். நான்கு மாதம் பட்டறையின் மூலையிலேயே பெட்டிகளை வைத்திருந்து, வாடகை என்றோ வட்டி என்றோ ஒன்றும் கேட்காமல், ஆகஸ்டில் ஏற்றி அனுப்பினார். அதற்குப் பிறகு நான் அவரிடம் மற்ற பட்டறைகளின் விலைப் பட்டியலைக் காட்டிப் பேரம் பேசியதில்லை. உறவு என்று அவர்கள் சொல்லும் குவான்சி விருந்திலும் மதுக்கோப்பையிலும் இருப்பதாகப் பலர் எழுதுகிறார்கள். நான் மது அருந்துவதில்லை, தேநீர்க் கோப்பையை உயர்த்தியதை யாரும் குறையாக எடுத்துக்கொண்டதும் இல்லை. சொன்ன தேதியில் பணம் அனுப்பியதையும், வர முடிந்தபோதெல்லாம் நேரில் வந்ததையும்தான் அவர் நினைவில் வைத்திருக்கிறார்.

ஆய்வாளரை இன்றும் ஒவ்வொரு சரக்குக்கும் அனுப்புகிறேன். அதை அவர் அவமதிப்பாக நினைக்கவில்லை, அவர் பட்டறைக்கும் அது சான்றுதான். 2023 நவம்பரில் ஓர் இரவு, ஆய்வாளர் போவதற்கு நான்கு நாள் முன்பு, அவரிடமிருந்து ஒரு படம் வந்தது. தட்டு நிறையப் பட்டன்கள், சில இடங்களில் மஞ்சள் படர்ந்திருந்தது. 300 கிராஸுக்கு முலாம் சரியாக ஏறவில்லை, கழற்றி மறுபடி போட வேண்டும், பத்து நாள் தாமதமாகும், செலவு என்னுடையது என்று மொழிபெயர்ப்புச் செயலியின் கோணல்மாணலான ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். நான் அதே படத்தை ஏற்றுமதி நிறுவனத்துக்கு அனுப்பி ஒரு வாரம் அவகாசம் கேட்டேன். முதலில் டெபிட் நோட் போட்ட அதே மெர்ச்சண்டைசர்தான். முன்கூட்டியே சொன்னதால் தையல் வரிசையை மாற்றிக்கொள்கிறோம் என்று பதில் போட்டார்.